பார்வையற்றோருக்கான ஒலி

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே
தரையில் ஒரு மரச்சட்டம்.
விரல் கனம்.
முப்பத்தொரு வருடம் அதை மிதித்துப் போயிருக்கிறேன்,
பார்த்ததில்லை.
இப்போது போஹுஷ் அதன் முன்னால் நிற்கிறார்.
கையில் கோப்பை, காபி நடுங்குகிறது.
கால் நடுங்கவில்லை. கால்
ஒட்டிக்கொண்டுவிட்டது.

"வாங்களேன்" என்று சொல்லக் கூடாது.
சொன்னால் இன்னும் இறுகும்.
இழுத்தால் விழுவார்.
மிலுஷே சொல்லித்தந்தாள், மருத்துவமனையில்,
சூயிங்கம் மென்றபடி:
"காலுக்குப் போகும் தாளம் உள்ளே எங்கோ தொலைகிறது.
காது வழியாக அனுப்புங்கள்.
அந்தத் தெரு இன்னும் அடைபடவில்லை."

முதலில் வெறும் டிக் டிக்.
நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.
நடந்தார்.
"சவப்பெட்டிக் கடைக் கடிகாரம்" என்று
பிடுங்கிப் போட்டார்.
வால்ட்ஸ் வைத்தேன்.
"ஒன்று இரண்டு மூன்று. எனக்குக் கால் இரண்டுதானே, ஸ்தெங்கா?"
ஜாஸ் வைத்தேன், அவருடைய உயிர் அது,
ஒரு குளிர்காலச் சம்பளம் முழுக்க இசைத்தட்டானது அதற்காகத்தான்.
கண்ணை மூடினார், இமையோரம் ஈரம்,
ஓரங்குலம் நகரவில்லை.
பிரியம் வேறு, நடை வேறு போலிருக்கிறது.

கடைசியில் நகர்த்தியது எது தெரியுமா?
பித்தளை வாத்தியக் குழுவின் அணிவகுப்பு இசை.
பெரிய முரசு, கன்னம் உப்பிய ஊதுகுழல்கள்.
குதிகால் தரையைத் தட்ட
கூடம் முழுக்க நடந்து ஜன்னலைத் தொட்டுத் திரும்பியவர்
அவமானத்தில் சிவந்துபோய் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு மே முதல் தேதியும்
எஃகு ஆலைக்காரர்களைக் கொடியோடு நடக்கவைத்த காலம் ஒன்றுண்டு.
மூன்றாவது தெருமுனையில் நழுவிவிடுவார் போஹுஷ்.
லைலாக் புதருக்குப் பின்னால் பீர்.
இரண்டுமுறை ஊக்கத்தொகை போயிற்று.
"என் கால் எவன் சொல்லியும் கேட்காது"
என்று என்னிடம் மார்தட்டித்தான்
என்னைக் கட்டிக்கொண்டார்.
எவன் சொல்லியும் கேட்பதில்லை இப்போது.
அவரும் அந்த எவன்களில் ஒருவர்.

தினமும் காலை எட்டு மணிக்கு நான்காம் மாடியில் அணிவகுப்பு.
பக்கத்து வீட்டு ஹ்ருஷ்கோவா அம்மாள்
கிழவயதில் நாங்கள் மறுபடியும்
கட்சியில் சேர்ந்துவிட்டதாக
தபால்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

நவம்பரில், ஒஸ்த்ராவாவில்,
டிராம் தண்டவாளம் கடக்கும் இடம்.
குளிரில் கைபேசி செத்துப்போனது.
காதில் குழாய்கள், உள்ளே ஒன்றுமில்லை.
நடுத்தெருவில் நின்றுவிட்டார்.
நான் பாடினேன். முரசை வாயால் அடித்தேன்.
பயம் என் தாளத்தைத் துரத்த
அது ஓடியே போயிற்று, அவரை விட்டுவிட்டு.

அப்போதுதான் கேட்டது, எப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது:
எதிர்க் கம்பத்திலிருந்து டக்டக்டக்டக்.
பச்சை என்று பார்வையற்றவர்களுக்குச் சொல்லும் ஒலி.
தலையைச் சாய்த்தார்,
கதவைத் தட்டுவது யாரென்று கேட்பதுபோல.
வலதுகால் வந்தது.
பின்னாலேயே இடது.
பாதியில் சிவப்பு விழுந்தது.
டக். டக். டக்.
அவரும் நிதானித்தார், நிற்கவில்லை.
ஸ்கோடா காரன் ஒருவன் ஹாரன் அடித்தான்,
தாளத்தில் அடிக்கவில்லை.
நடைபாதையில் ஏறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
மூச்சு வாங்கச் சொன்னார்:
"இதற்குக் கொடி பிடிக்க வேண்டியதில்லை."

இரவு இரண்டு மணி.
குளியலறை வாசலில் நிற்கிறார்.
படுக்கையிலிருந்தே நாக்கை அண்ணத்தில் தட்டுகிறேன்,
டக், டக்,
அவசரப்படாமல்.
செருப்பு உரசுகிறது, தாண்டிவிட்டார்,
விளக்கு எரிகிறது.
நிறுத்தலாம்.
நாக்கு வலிக்கிறது.
நிறுத்தவில்லை. அந்தச் சட்டம்
திரும்பும்போதும் அங்கேதானே இருக்கும்.